தவறிய அளவை அழிக்கலாமா?



கல்லூரியில் முதலாண்டு மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு ஏற்படும். தனி ஊசல் சோதனையை நாற்பது பேர் செய்திருப்பார்கள். நாற்பது பேருக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.80 என்றே வந்திருக்கும். நூல்கள் வேறு, குண்டுகள் வேறு, நிறுத்து கடிகாரத்தை அழுத்திய விரல்கள் வேறு. விடை மட்டும் ஒன்று! இத்தனைக்கும், திருவள்ளூர் வட்டாரத்தில் அதன் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 9.78தான். இல்லாத மதிப்பை நாற்பது பேரும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எப்படி என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கண்டுபிடித்தவன்தான்.

பிளஸ் ஒன் படிக்கும்போது 60 செ.மீ. நீள ஊசலுக்கு 20 அலைவுகளின் நேரம் எனக்கு 31.6 விநாடி என்று வந்தது. கணக்குப் போட்டேன்; 9.49 என்று விடை வந்தது. பக்கத்தில் இருந்தவன், "31.1னு எழுதிக்கடா, சரியா வந்துடும்" என்றான். அழிப்பானை எடுத்தேன். அரை விநாடிதானே! விடை 9.8 ஆயிற்று. சிவப்பு மையில் "நன்று" என்று கையெழுத்தும் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த 31.6 பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. நான் நூலின் நீளத்தை மட்டும் அளந்திருந்தேன். கொக்கியின் நீளத்தையும் குண்டின் ஆரத்தையும் சேர்க்கவில்லை. இரண்டும் சேர்ந்து சுமார் 2 செ.மீ. இருக்கும். ஊசலின் உண்மையான நீளம் 62 செ.மீ. அதற்கு 31.6 விநாடிதான் வரவேண்டும்! 60, 80, 100 செ.மீ. எனப் பல நீளங்களுக்கு அளந்து, அலைவுக் காலத்தின் இருமடிக்கு வரைபடம் போட்டிருந்தால், கோடு தொடக்கப் புள்ளி வழியே போகாமல் நீள அச்சை அதற்கு 2 செ.மீ. இடப்புறத்தில் வெட்டியிருக்கும். கோட்டின் சாய்வோ 9.78-ஐக் கொடுத்திருக்கும். ஊசல் என்னிடம், "குண்டை மறந்துவிட்டாய்" என்று சொல்லிற்று. நான் அதன் வாயை அழிப்பானால் மூடிவிட்டேன்.

இன்று உங்களுக்குச் சொல்ல வந்த கதை, அழிப்பானை எடுக்காதவர்களின் கதை. இயற்பியல் ஆசிரியனான நான் அதற்காகப் பாக்டீரியாவின் உலகத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

பாக்டீரியா என்னும் தராசு

எங்கள் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும் இருக்கின்றன. பால் என்றதும் தயிர் நினைவுக்கு வரும். தயிர் என்றதும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களுக்கு ஒரு குணம் உண்டு. தமக்கு வேண்டிய பல வைட்டமின்களைத் தாமே செய்துகொள்ளத் தெரியாது. யாராவது கொடுத்தால்தான் வளரும்.

இந்தக் குறையை விஞ்ஞானிகள் ஒரு தராசாக மாற்றிக்கொண்டார்கள். சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள், மற்ற வைட்டமின்கள் எல்லாம் கலந்து, ஒரே ஒரு வைட்டமினை மட்டும் விட்டுவிட்டு ஒரு கரைசல் தயாரிப்பார்கள். அதில் பாக்டீரியாவை விட்டால் வளராது. பிறகு சோதிக்க வேண்டிய பொருளைச் சிறிது சேர்ப்பார்கள். அது பாலாகவோ ஈரலாகவோ தவிடாகவோ இருக்கலாம். அதில் அந்த வைட்டமின் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குப் பாக்டீரியா வளரும். வளர்ச்சியைக் கரைசலின் கலங்கலைக் கொண்டும், உண்டாகும் லாக்டிக் அமிலத்தைக் காரத்தால் தரம் பார்த்தும் அளந்துவிடலாம்.

இந்தத் தராசின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோகிராம் என்று பெயர். பயோட்டின் என்னும் வைட்டமினில் ஒரு நானோகிராமுக்கும் குறைவான அளவைக்கூட இந்தப் பாக்டீரியா காட்டிவிடும். எந்த உலோகத் தராசாலும் ஆகாத காரியம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லே ஆய்வுக்கூடக் குழு, 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததாக அறிவித்தது. அந்தத் தேடலிலும் வழிகாட்டியாக இருந்தது லாக்டோபாசில்லஸ் கேசி என்னும் பாக்டீரியாதான்.

பயோட்டினின் கதையும் சுவையானது. 1927-இல் லண்டனில் மார்கரெட் போவாஸ் என்னும் பெண்மணி, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவையே உணவாக உண்ட எலிகளுக்குத் தோல் புண்ணாகி முடி உதிர்வதைக் கண்டார். வேகவைத்த வெள்ளைக்கரு தீங்கு செய்யவில்லை. வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டினை இறுகப் பிடித்துக்கொண்டு உடலுக்குச் சேரவிடாது. வெந்துவிட்டால் அதன் பிடி போய்விடும் என்பது 1940-ஐ ஒட்டித் தெரியவந்தது. (சத்துணவில் கிடைக்கும் அவித்த முட்டையைப் பயமின்றிச் சாப்பிடலாம்!) இதற்கிடையே 1936-இல் ஹாலந்தில் கோகல், டோனிஸ் என்ற இருவர் 250 கிலோ உலர்ந்த வாத்து முட்டை மஞ்சள்கருவிலிருந்து பயோட்டினைப் பிரித்தெடுத்தனர். கிடைத்தது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்!

தராசு பொய் சொல்லுமா?

இப்போது சிக்கல் வருகிறது. 1940-களில் பல ஆய்வுக்கூடங்களில் இந்தப் பாக்டீரியாத் தராசு விசித்திரமாக நடந்துகொண்டது. கொழுப்புள்ள பொருள்களைச் சோதித்தால், இருக்கவேண்டிய வைட்டமினுக்கு மேலாகப் பாக்டீரியா வளர்ந்தது. அதே பொருளிலிருந்து ஈதர் போன்ற கரைப்பானால் கொழுப்பை நீக்கிவிட்டுச் சோதித்தால் வளர்ச்சி ஒழுங்குக்கு வந்தது.

இந்த இடத்தில் நாம் என்ன செய்திருப்போம்? "கொழுப்பை நீக்கிவிட்டு அளக்கவும்" என்று செய்முறையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அந்த வரியும் தேவையானதுதான். ஆனால் சிலர் அதோடு நிற்காமல், "கொழுப்பு ஏன் வைட்டமினைப் போல நடிக்கிறது?" என்று கேட்டார்கள். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ், ஃபீகர் இருவரும் 1946-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. பயோட்டின் அறவே இல்லாத கரைசலிலும் ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தால் லாக்டோபாசில்லஸ் கேசி வளர்ந்தது. ஒலியிக் அமிலம் என்பது நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பயோட்டினுக்குப் பதிலாக ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தால் பல ஆயிரம் மடங்கு அதிகமாகக் கொடுக்கவேண்டும். ஏன்? வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்குக் கரண்டி ஒன்று போதும். செங்கற்களோ ஆயிரக்கணக்கில் வேண்டும். கரண்டி இல்லாத கொத்தனாரிடம் கட்டி முடித்த சுவரையே கொண்டுவந்து கொடுத்தால் கரண்டி இல்லாமலே வீடு எழும்பிவிடும். பயோட்டின் கரண்டி, ஒலியிக் அமிலம் ஆயத்தச் சுவர். அப்படியானால் பயோட்டின் செய்யும் வேலை கொழுப்பு அமிலத்தைக் கட்டும் வேலையாகத்தானே இருக்கவேண்டும்?

அந்த ஊகம் சரியாயிற்று. ஈராக்கில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த சாலிஹ் வாகில், 1958-இல் தம் குழுவினருடன், கொழுப்பு அமிலம் உருவாவதன் முதல் படியை நடத்தும் நொதியில் பயோட்டின் இருப்பதைக் காட்டினார். இரண்டு கார்பன் கொண்ட ஒரு துண்டின் மேல் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, அதை மூன்று கார்பன் துண்டாக்குவது அந்த நொதியின் வேலை. கார்பன் டை ஆக்சைடைத் தூக்கிச் சுமக்கும் கை பயோட்டின். அந்தக் கை இல்லாவிட்டால் முதல் செங்கல்லே வைக்க முடியாது. அதே படி உங்கள் உடலிலும் என் உடலிலும் நடந்துகொண்டிருக்கிறது.

பயோட்டினுக்கு வேறு வேலைகளும் உண்டு. அதனால் சில சூழ்நிலைகளில் ஒலியிக் அமிலத்துடன் ஆஸ்பார்டிக் அமிலத்தையும் கொடுத்தால்தான் பாக்டீரியா வளரும். கரண்டி ஒன்றாயினும் அதைக்கொண்டு செய்யும் வேலை பல.

பட்டினியின் முத்திரை

பயோட்டின் கிடைக்காத பாக்டீரியாவின் கொழுப்பு என்ன ஆகிறது? கிளாஸ் ஹாஃப்மன் என்பவர் பிட்ஸ்பர்க்கில் இதைத் துருவித் துருவி ஆராய்ந்தார். 1950-இல் லாக்டோபாசில்லஸின் கொழுப்பில் அதுவரை யாரும் காணாத ஓர் அமிலத்தைக் கண்டு அதற்கு லாக்டோபாசில்லிக் அமிலம் என்று பெயரிட்டார். அதன் கார்பன் சங்கிலியின் நடுவே மூன்று கார்பன்கள் சேர்ந்த சிறு முக்கோணம் ஒன்று இருக்கிறது. நன்றாக உண்டு வளர்ந்த பாக்டீரியாவில் அந்த முக்கோணம் 11, 12-ஆம் கார்பன்களின் மேல் அமர்கிறது. பயோட்டின் இல்லாமல், வெளியிலிருந்து ஒலியிக் அமிலத்தை வாங்கி வளர்ந்த பாக்டீரியாவிலோ 9, 10-ஆம் கார்பன்களின் மேல் அமர்கிறது. ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு அந்த இடத்தில் இருப்பதே காரணம். ஆக, பாக்டீரியாவின் கொழுப்பைப் பிரித்துப் பார்த்தே அது சொந்தச் சமையலில் வளர்ந்ததா, வாங்கிச் சாப்பிட்டதா என்று சொல்லிவிடலாம்!

இதில் இயற்பியலுக்கு என்ன வேலை என்கிறீர்களா? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி உறைந்திருக்கும். பக்கத்தில் நல்லெண்ணெய் உருகியே இருக்கும். ஸ்டியரிக் அமிலமும் ஒலியிக் அமிலமும் 18 கார்பன் கொண்டவையே. வேறுபாடு இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள். ஆனால் முன்னது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். பின்னது சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும். நேரான குச்சிகளை அடுக்கினால் நெருக்கமாக அடுங்கும். நடுவே வளைந்த குச்சிகள் அடுங்குமா? இரட்டைப் பிணைப்பு அந்த வளைவைத் தருகிறது. முக்கோணமும் அடுக்கைக் கெடுக்கும்.

பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அந்தச் சவ்வு கெட்டியாக உறைந்துவிடவும் கூடாது, தண்ணீராக ஓடிவிடவும் கூடாது. எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்ற விகிதம் அதனால் உயிர்ப் பிரச்சினை ஆகிறது. ஒரு வைட்டமின் குறைந்தால் விகிதம் மாறும். விகிதம் மாறினால் சவ்வின் இறுக்கம் மாறும். வைட்டமின் உயிரியல், விகிதம் வேதியியல், இறுக்கம் இயற்பியல். பாக்டீரியாவுக்கு இந்த மூன்று பாடவேளைகளும் தெரியாது.

ஒழுகும் பாக்டீரியா

இரண்டாவது சாட்சி ஜப்பானிலிருந்து வருகிறது. 1950-களின் நடுவில் கியோவா ஹக்கோ என்ற நிறுவனத்தில் கினோஷிட்டா, உடாக்கா முதலியோர் குளுட்டாமிக் அமிலத்தை வெளியே கொட்டும் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார்கள். இன்று அதன் பெயர் கோரினெபாக்டீரியம் குளுட்டாமிக்கம். இதற்கும் பயோட்டின் வெளியிலிருந்து வரவேண்டும். தாராளமாகக் கொடுத்தால் பாக்டீரியா செழித்து வளர்ந்தது. ஆனால் குளுட்டாமிக் அமிலம் வெளியே வரவில்லை. பயோட்டினைக் குறைத்தால் வளர்ச்சி குன்றியது; குளுட்டாமிக் அமிலமோ ஒழுகிக் கொட்டியது!

நன்றாக வளரும் பயிர்தானே நல்ல விளைச்சல் தரவேண்டும்? விடை தலைகீழாக இருக்கிறதே என்று அவர்கள் குறிப்பேட்டைத் திருத்தவில்லை. பயோட்டின் குறைந்த பாக்டீரியாவின் சவ்வில் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புப் பொருள் குறைவதும் கொழுப்பு அமிலங்களின் விகிதம் மாறுவதும் பின்னர் தெரிந்தன. ஒலியிக் அமிலத்தைச் சேர்த்தால் ஒழுகல் நின்றது. நெடுங்காலம் இதை ஓட்டைக் குடம் ஒழுகுவதுபோல் எண்ணியிருந்தார்கள். 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே ஒரு கதவு இருப்பதைக் காட்டினார்கள். சவ்வில் இழுவிசை கூடும்போது திறக்கும் புரதக் கதவு அது. இழுவிசை! நாம் ஊசலின் நூலில் படிக்கும் அதே சொல். கடையில் அஜினோமோட்டோ என்று கேட்டு வாங்கும் மோனோசோடியம் குளுட்டமேட் இத்தகைய பாக்டீரியாக்களால்தான் உலகில் ஆண்டுக்குப் பல லட்சம் டன் தயாராகிறது.

நம் கையிலிருக்கும் அழிப்பான்

இத்தனையும் சொன்னது எதற்காக? சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். திருவள்ளூர் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எஃகு உறுப்புகளைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஒரு பட்டறையில் வேலை. பெயர் வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை உலையின் வெப்பநிலையைப் பார்த்து எழுதவேண்டும். அன்று இரவுப் பணியில் அவன் விடியற்காலையில் மொத்தமாக 850, 850, 850 என்று நிரப்பியிருக்கிறான். நள்ளிரவிலேயே ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோய், உலை ஆறிக்கொண்டிருந்தது. உறுப்புகள் போதிய கடினம் இல்லாமல் வாங்கியவரிடமிருந்து திரும்பி வந்தன. இவனுக்கு வேலை போயிற்று.

"ஏம்ப்பா அப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"காலேஜ்லயே பழகிட்டோமே சார்" என்றான்.

அவன் என்னைக் குற்றம் சொல்லும் நோக்கத்தில் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 9.80 என்று எழுதிய நாற்பது குறிப்பேடுகளிலும் "நன்று" என்று கையெழுத்திட்டவன் நான்தானே? அந்த உறுப்புகள் திரும்பி வராமல் ஏதோ ஒரு பேருந்தின் அச்சில் போய்ச் சேர்ந்திருந்தால்?

"மதிப்பெண் விடைக்குத்தானே கிடைக்கிறது, நாங்கள் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. இதில் முதல் குற்றவாளிகள் ஆசிரியர்களாகிய நாங்கள். விடை 9.8-க்கு எவ்வளவு பக்கம் என்று பார்ப்பதை விட்டு, மாணவன் எடுத்த அளவுகள் உண்மையா, விலகலுக்குக் காரணம் தேடினானா என்று பார்த்து மதிப்பெண் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஆண்டு முதல் என் வகுப்பில் 9.49-க்கும் காரணம் எழுதினால் முழு மதிப்பெண் உண்டு.

அதற்காக, தவறிய அளவெல்லாம் கண்டுபிடிப்பு என்று கொண்டாடவும் வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு தவறுகள் நம் கவனக்குறைவால் வருபவை. குண்டை மறந்த என் தவறும் அப்படிப்பட்டதுதான். கவனக்குறைவா, புதுச் செய்தியா என்று பிரித்தறிய வழி ஒன்றே. மறுபடி அளக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். கொழுப்பை நீக்கிப் பார்த்தார்கள். பிறகு சேர்த்துப் பார்த்தார்கள். அதற்கெல்லாம் முதல் அளவு அழியாமல் இருக்கவேண்டும். தவறென்று தோன்றினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள். கீழே இருப்பது படிக்கத் தெரியட்டும். பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். முடி வளரும் என்ற ஆசையில் இன்று பலர் பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் விழுங்குகிறார்கள். இரத்தச் சோதனைகள் சிலவற்றில், பயோட்டினை இறுகப் பிடிக்கும் அவிடின் போன்ற புரதத்தையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் தைராய்டு, இதயம் தொடர்பான சோதனை முடிவுகள்கூடத் தவறாக வரக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017-இல் எச்சரித்தது. நோயாளியின் நிலைக்கும் அளவுக்கும் பொருத்தமில்லையே என்று ஒரு கணம் நின்று யோசிக்கும் ஆய்வுக்கூடப் பணியாளர் அங்கே ஓர் உயிரைக் காப்பாற்றலாம். நாளை அந்த நாற்காலியில் உட்காரப்போவது உங்களில் ஒருவராக இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் தேங்காய் எண்ணெயை எடுத்துப் பனிக்கட்டி நீரில் வைத்து உறையவிடுங்கள். வெப்பமானியைச் செருகி, மெல்ல வெதுவெதுப்பாக்கி, எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று எழுதுங்கள். மறுபடி குளிரவைத்து, எந்த வெப்பநிலையில் உறைகிறது என்றும் எழுதுங்கள். புத்தகத்தில் 24 டிகிரி என்று போட்டிருக்கும். உங்களுக்கு இரண்டும் 24 ஆக வராது. இரண்டும் ஒன்றாகவும் இராது.

பேனாவால் எழுதுங்கள். அழிப்பான் பெட்டியிலேயே இருக்கட்டும்.